மணலில் புதைத்த தணல்

மூன்று பைன் கூடார முகாம்,
கடலோர வரிசை, எண் 14.
செவ்வாய், 11 ஆகஸ்ட் 1987

அன்புள்ள லூசியன்,

இங்கே நானும் நம் பெண் ஆன்யெஸும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாயா? ஊற்றியிருக்க மாட்டாய். இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஊற்று. இல்லை, படிப்பதற்கு முன்னாலேயே ஊற்றிவிடு. படித்த பிறகு உனக்கு அதற்கு மனசு இருக்காது.

நீ போனதிலிருந்து வடக்குக் காற்று ஓயவே இல்லை. முன்பந்தலின் இரண்டு முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பக்கத்துக் கூடாரத்து ரோலான்தான் வந்து, கல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். வேறு சமயமாக இருந்தால், "புருஷன் கிளம்பினதும் கூடாரமும் ஓடப் பாக்குதா?" என்று என்னை ஓட்டியிருப்பார். இந்த முறை வாயே திறக்கவில்லை. கட்டி முடித்துவிட்டு, பேத்திக்கு மருந்து போடும் நேரம் என்று போய்விட்டார்.

கூப்பிட்டுப் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அலுவலகத்துப் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரே தொலைபேசிக் கூண்டு முன்னால் எந்நேரமும் ஐந்து பேராவது தோளில் துண்டோடு நிற்கிறார்கள். ஞாயிறு மாலை நீ கூப்பிட்டபோது என் முதுகுக்குப் பின்னால் ரோலானின் மனைவி ஜினெத் நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் பேத்தி மெலானி காலைச் சுட்டுக்கொண்டாள் என்று நான் சொன்னதும் நீ கேட்டது நினைவிருக்கிறதா? "எந்த இடத்துல?" என்று கேட்டாய். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை. கவிழ்த்துப் போட்ட மிதிபடகுப் பக்கத்தில் என்றேன். உடனே, "நீ எதுவும் சொல்லிக்காத, நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். ஐநூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு நீ எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய்?

சரி, நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஞாயிறு காலை எட்டரை மணி இருக்கும். நீ விடியற்காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மெலானி கையில் சிப்பி பொறுக்கும் வலையோடு வெறுங்காலில் ஓடி அந்த மணலில் கால் வைத்துவிட்டாள். அந்தக் குழந்தை அலறின அலறல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. ரோலான் பாய்ந்து தூக்கி அப்படியே கடலில் இறக்கினார். பிறகு ஆஸ்பத்திரி. இரண்டு பாதமும் கொப்புளித்துத் தோல் உரிந்திருக்கிறது. மூன்று வாரம் கால் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்து வயசுக் குழந்தையை மூன்று வாரம் எப்படி உட்கார வைப்பது? ரோலான் தினமும் காலையில் அவளைத் தோளில் தூக்கிப்போய்க் கடலைக் காட்டிவிட்டு வருகிறார்.

அவர் அந்த இடத்தில் மணலைக் கிளறிப் பார்த்தபோது, அரை அடி ஆழத்தில் கரி இன்னும் சிவப்பாக இருந்ததாம். முந்தின நாள் சாயங்காலத்து நெருப்பு!

சனிக்கிழமையை நினைத்துப் பார், லூசியன். யாருக்கு விடுமுறை முடிகிறதோ அவன் கடைசி சாயங்காலம் வரிசைக்கே மீன் சுட்டுப் போட வேண்டும். அது நம் வரிசையின் வழக்கம். பதினொரு வருஷமாக நீ சுடுகிறாய், கடைசியில் வாளித் தண்ணீரை ஊற்றி, தொப்பியைக் கழற்றிக் குனிந்து கும்பிடு போடுகிறாய், எல்லாரும் கை தட்டுகிறார்கள். "தணலை மணலில் புதைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள்" என்று குழாயடியில் பலகை எழுதி மாட்டியதும் நீதான். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து வைத்துப் பாடம் நடத்துவாய். இந்தச் சனிக்கிழமை மீன் தின்ற வாயைத் துடைத்துக்கொண்டே எல்லாரும் கூடத்துக்குக் குலுக்கல் விளையாடப் போய்விட்டார்கள். நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். "தண்ணி ஊத்தலையா?" என்று கேட்டேன். "வாளி வண்டிக்குள்ள அடியில கெடக்கு. குழாயடியில பத்துப் பேரு தட்டோட நிக்கிறாங்க. மணலு முழுங்கிடும், விடு" என்றாய். மிதிபடகுப் பக்கமாகக் குழி தோண்டித் தணலைத் தள்ளி மூடினாய். காலால் தட்டிச் சமன்கூட செய்தாய். கை தட்ட ஆள் இல்லை என்றதும் தண்ணீரும் இல்லாமல் போயிற்று. ஊருக்குத்தான் உபதேசம்!

உன்னை மட்டும் சொல்லவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பத்தடி நடந்தால் கடல். கடல் தண்ணீர்கூடவா கிடைக்கவில்லை எனக்கு? கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். அன்று சாயங்காலம் அதே கரையில் இன்னொருவரும் மீன் சுட்டார். வரிசைக் கடைசியில் சின்னக் கூடாரம் போட்டிருக்கிற போர்த்துகீசியர், அவெலினோ. நீ அவரையும் பிடித்துப் பாடம் நடத்தினாயே, அதே கொத்தனார்தான். கரை நெடுக மற்றவர்களின் விடுமுறை வீடுகளைக் கட்டியவர், ஏழு வருஷத்தில் இப்போதுதான் முதல் தடவையாகப் பெண்டாட்டியோடு கடலுக்கு வந்திருக்கிறார். அவர் சுட்டது பாறைப் பக்கம், மிதிபடகிலிருந்து முப்பது அடி தள்ளி. "நான் மூட்டினது அங்க இல்லீங்க. தண்ணியும் ஊத்தினேன்" என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தார். யார் கேட்கிறார்கள்? முகாம் முதலாளி கஸ்தான் என் முன்னாலேயே சொன்னார்: "அன்னைக்கு அங்க நெருப்பு மூட்டினது ரெண்டே பேரு. ஒருத்தர் லூசியன். அப்புறம் யாருன்னு நான் வேற சொல்லணுமா?" எல்லாரும் தலையாட்டினார்கள். லூசியன், நானும் தலையாட்டினேன். ஆன்யெஸின் ஈர நீச்சலுடையைப் பிழிந்துகொண்டே, மாடு மாதிரி தலையாட்டினேன்.

அவெலினோவும் பெண்டாட்டியும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். சனிக்கிழமை மாதா திருநாளுக்குப் புது ஆட்கள் வருகிறார்கள், அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுத்தாயிற்று என்கிறார் கஸ்தான். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒருத்தி, "தினமும் மீனைச் சுட்டாங்க, இப்ப புள்ளையையும் சுட்டுட்டாங்க" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அவெலினோவின் மனைவி தியோலிண்டா இரண்டு தொட்டி தள்ளி நின்று வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவ்வளவு பிரெஞ்சு புரியும்.

நேற்று அவள் பட்டைப்பொடி தூவிய பால்சோறு செய்து மெலானிக்கு எடுத்துப் போனாள். ஜினெத் வாங்கவில்லை. "கொண்டு போம்மா, எங்க புள்ள கண்ட கையால சாப்பிடாது" என்றாளாம். ஜினெத் கெட்டவள் இல்லை, உனக்கே தெரியும். ஆன்யெஸுக்கு அம்மை போட்டபோது மூன்று நாள் தூங்காமல் பார்த்துக்கொண்டவள். குழந்தை படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டாள். நம் பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. "அப்பா இருந்திருந்தா அந்த ஆள நல்லா நாலு வாங்கு வாங்கியிருப்பாரு" என்று நேற்று சாப்பாட்டில் சொன்னாள். என் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இன்று காலையில் தியோலிண்டா என்னைத் தேடி வந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம். உள்ளே வரமாட்டேன் என்று பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உன்னிடம் ஓர் உதவி கேட்க வந்தாளாம். "உங்க வீட்டுக்காரர் சொன்னா முதலாளி கேப்பாரு, மேடம். எங்காளு தெரியாம செஞ்சுட்டாருன்னு ஒரு வார்த்தை எழுதித் தரச் சொல்லுங்க" என்றாள்.

தெரியாம செஞ்சுட்டாரு! அவளே நம்புகிறாள், லூசியன். அவெலினோ தண்ணீர் ஊற்றினேன் என்று சாமி மேல் சத்தியம் செய்கிறாராம். ஆனால் ஊரே ஒன்றைச் சொல்லும்போது அவளால் நம்ப முடியவில்லை. இரண்டு நாளாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லையாம். "பத்தொம்போது வருஷத்துல எங்கிட்ட அவரு ஒரு பொய் சொன்னதில்ல. வேற எதுக்கோ திட்டினா கோச்சுக்குவாரு. இதுக்கு அழுவுறாரு, மேடம்" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரர் இப்படிச் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "உன் புருஷன் பொய் சொல்லல" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அடுப்பே மூட்டவில்லை. அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

உனக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். பதினொரு வருஷத்து மனிதர்கள் முன்னால் தலைகுனிய வேண்டும். ரோலான் உன்னை மன்னிக்காமல் போகலாம். அடுத்த வருஷம் இந்த வரிசையில் நமக்கு இடமே இல்லாமல் போகலாம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனுஷன் செய்யாத தப்புக்குச் சொந்தப் பெண்டாட்டி முன்னாலேயே அழுகிறான். நாம் அடுத்த வருஷத்து இடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் உனக்கு வியாழக்கிழமை கிடைத்துவிடும். ரயில் நேரமெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரியில் காரை ஓட்டிக்கொண்டு வராதே; அன்று ராத்திரி ரயிலைப் பிடித்தால் வெள்ளி காலை எட்டு மணிக்குள் இங்கே இறங்கலாம். பணிமனையில் லீவு கேள். கொடுக்க மாட்டார்கள் என்று என்னிடம் சொல்லாதே. போன மாசம் சைக்கிள் பந்தயம் பார்க்க ஒரு நாள் கொடுத்தார்கள்.

நான் நடைமேடையில் நிற்பேன். நீ இறங்கினால் முதலில் அவெலினோவிடம் போவோம், பிறகு ரோலானிடம். உனக்கு வாய் வராவிட்டால் நான் பேசுகிறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும். நீ இறங்காவிட்டால் நான் தனியாகவே போய்ச் சொல்வேன். சொல்லிவிட்டு உனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பேன். அதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆன்யெஸைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்கு ரயில் ஏறுவது என்பதைத்தான் இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்க வைக்காதே.

ராத்திரிப் பயணம், சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொள். வழியில் ஏதாவது சாப்பிடு. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மனைவியாகவே இருக்க ஆசைப்படும்,
ஒதீல்