பொன்னாடை போர்த்தியும் நிற்காத பாட்டு

2 அக்டோபர் 2005, ஞாயிறு. ஆஹென், ஜெர்மனி

மழை. துணி துவைக்கப் போனால் கீழே மூன்று இயந்திரமும் நிரம்பியிருந்தன. மூட்டையோடு திரும்பி வந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். மத்தியானத்தில் போடுகிறார்களே, அறுபதுகளில் எடுத்த அந்த அமெரிக்கச் சிரிப்புத் தொடர். நாலு பையன்கள், ஒரே வீடு, ஒரு பாப் இசைக்குழு. வாராவாரம் யாராவது வாசிக்கக் கூப்பிடுவார்கள், வாராவாரம் சொதப்பும். இன்று பணக்காரர் வீட்டு விருந்துக்குப் போனவர்களைச் சமையல்காரர்கள் என்று நினைத்து அடுப்படிக்குள் தள்ளிவிட்டார்கள். பேச்சு ஜெர்மனில், பாட்டு மட்டும் இங்கிலீஷில். ஜெர்மன் கற்கத்தான் பார்க்கிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் சந்திரகாந்தி அக்காவின் போன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே தமிழ்ப் பள்ளி நடத்துகிறார். நவம்பர் ஐந்தாம் தேதி தீபாவளி விழாவாம். இந்தியாத் தம்பிமார் ஏதாவது செய்ய வேண்டுமாம். நாங்களும் நாலு பேர், ஒரே வீடு: நான், பிரதாப், நவநீத், சேஷாத்ரி. என் வாய் சும்மா இருக்குமா? எங்களிடம் ஒரு பேண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

எங்களில் வாசிக்கத் தெரிந்தவன் சேஷாத்ரி மட்டும்தான்.

9 அக்டோபர், ஞாயிறு

முதல் ஒத்திகை. கல்யாண வீட்டுக்கு வாசிக்க வந்த பேண்டைச் சமையல்காரர்கள் என்று நினைத்து வெங்காயம் உரிக்க வைக்கிறார்கள், கடைசியில் உண்மை தெரிந்து பாட வைக்கிறார்கள் – இதுதான் கதை. தொடரிலிருந்து சுட்டது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பாட்டு மட்டும் சுட்டதில்லை. சேஷாத்ரி தானே எழுதி மெட்டுப் போட்டது. போன்ட்டோர் நிறுத்தத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனின் பாட்டு.

சேஷாத்ரி மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கூச்சமாம். சிடி போடுகிற வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. நாலு பேர் கதையை மூன்று பேருக்கு மாற்றி எழுதினேன்.

16 அக்டோபர், ஞாயிறு

பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டோம். கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் சேஷாத்ரியே தன் கம்ப்யூட்டரில் செய்தான். மேடையில் நாங்கள் கையை ஆட்டினால் போதும். அந்தத் தொடரிலும் நடிகர்கள் சும்மா கையைத்தான் ஆட்டினார்கள், வாசித்தது வேறு ஆள் என்று பிரதாப் எங்கேயோ படித்திருக்கிறானாம். ஆகவே தப்பில்லை என்று தீர்ப்பு.

பாடுவது நான் என்றுதான் இருந்தது. இரண்டு தடவை பாடினேன். ஹெட்போனில் கேட்ட நவநீத் எழுந்து ஜன்னலைத் திறந்தான். பிறகு சேஷாத்ரி பாடினான். பேசும்போது ஒரு வாக்கியத்தில் மூன்று இடத்தில் திக்குகிறவன். பாட்டில் ஓரிடத்திலும் நிற்கவில்லை. இரண்டாம் சரணத்தில் வேகத்தைக் குறைத்துத் தணிந்து பாடும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்காக மட்டும் பதினோரு தடவை பாடினான்.

அந்தக் குரலுக்கு நான் வாயசைக்கப் போகிறேன்.

4 நவம்பர், வெள்ளி

கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் வாயசைத்தேன். நிஜமாகவே நான் பாடுகிற மாதிரி இருக்கிறது. பிடித்தும் இருக்கிறது.

6 நவம்பர், ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதாமல் தப்பிக்கக் காலையிலிருந்து குளியலறைத் தரையெல்லாம் தேய்த்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

நாடகம் நன்றாகவே போயிற்று. முந்நூறு பேர் இருப்பார்கள். வெங்காயக் காட்சியில் குழந்தைகள் உருண்டு சிரித்தார்கள். பாட்டு தொடங்கியதும் சபை அமைதியானது. முதல் சரணம் முடிந்தது. அப்போதுதான் செல்வரட்ணம் அண்ணை மேடையேறினார். சிறப்பு விருந்தினர். இன்னொரு ஊரிலும் விழாவாம், உடனே கிளம்ப வேண்டுமாம். அதற்காகப் பாட்டு முடியும் முன்பே பொன்னாடை போர்த்திவிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் என்னிடம் வந்தார். பெரியவர் பொன்னாடையோடு வந்து நின்றால் கை என்ன செய்யும்? கிட்டாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினேன். தலை குனிந்தேன். "நன்றிங்க அண்ணை" என்று வேறு சொன்னேன். கிட்டார் அதன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. நானும் என் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தேன், வாயை மூடிக்கொண்டு.

அத்தோடு விட்டாரா? அடுத்து பிரதாப். டிரம்ஸ் குச்சிகளை அக்குளில் செருகிக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டான். டிரம்ஸ் நிற்கவில்லை. நவநீத்துக்கு மட்டும் கொஞ்சம் மூளை இருந்தது, கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் அண்ணை விடாமல் அவன் வலது கையைப் பிடித்து இழுத்துக் குலுக்கினார். பிறகு இடது கையையும். மூன்று பேரும் பொன்னாடையோடு மரியாதையாக நிற்கிறோம், பாட்டு தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு சபையே சிரித்தது. சேஷாத்ரி மேடை ஓரத்தில் சிடி பிளேயர் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தட்டுமா என்று என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். மைக்கைப் பிடித்து, "எல்லாம் பிளான் பண்ணினதுதாங்க, இது காமெடி பேண்டு" என்றேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பிறகு நாங்கள் வேண்டுமென்றே கிட்டாரை முதுகில் தேய்ப்பதும் குச்சியால் தலை வாருவதுமாகக் கோமாளித்தனம் செய்தோம்.

இரண்டாம் சரணம் அந்தச் சிரிப்புக்குள்தான் போயிற்று. பதினோரு தடவை பாடிய இடத்தை ஒருவரும் கேட்கவில்லை.

7 நவம்பர், திங்கள்

சேஷாத்ரி ரசம் வைத்திருந்தான். எல்லோரும் ரசித்தார்கள் இல்லையா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

13 நவம்பர், ஞாயிறு

சந்திரகாந்தி அக்கா பேசினார். அன்றைக்குச் சிரித்தாராம், ஆனால் தொடக்கத்தில் கேட்ட பாட்டு மனதை விட்டுப் போகவில்லையாம். "பொங்கல் விழாவுக்குப் பிள்ளையளோட சேர்ந்து பாடுவீங்களோ தம்பி? கிட்டார் ஒண்டும் வேண்டாம். நீங்கள் ஒரு வரி பாட, அதுகள் திருப்பிப் பாடட்டும். உங்கட குரல் அவ்வளவு நல்லாய் இருந்தது."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம், அவ்வளவுதான். "சரிங்க அக்கா" என்றேன்.

நீங்கள் நாலு பேர் என்றுதானே முதலில் சொன்னீர்கள், நாலாவது தம்பி எங்கே என்று கேட்டார். "அவனுக்கு மேடைன்னா பயம் அக்கா. நாங்க எவ்வளவோ கூப்பிட்டோம்." போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சேஷாத்ரி அடுப்படி வாசலில் தட்டோடு நிற்கிறான். எவ்வளவு நேரமாக நின்றான்? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

14 நவம்பர், திங்கள்

அக்டோபர் ஒன்பதாம் தேதி எழுதியது பொய்.

நாட்குறிப்பில் போய் யாராவது பொய் எழுதுவானா? யாரை ஏமாற்ற? பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன். கிழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

நடந்தது இது. சேஷாத்ரிக்கு மேடையேற ஆசை. ஒத்திகைக்கு இரண்டு நாள் முந்தியே தன் வசனத்தை மனப்பாடம் செய்திருந்தான். சின்ன வசனம் – "வெங்காயம் உரிச்சா கண்ணு கலங்கும், நாங்க பாடினா காது கலங்கும்." ஒத்திகையில் "வெ" என்ற எழுத்திலேயே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு முயன்றான். நவநீத் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, அதைவிட மோசமாகச் செய்தேன். வழக்கம்போல அந்த வசனத்தை நானே சொல்லி முடித்தேன். பிறகு, "டைமிங் போயிடும்டா சேஷா, நீ சிடி பார்த்துக்கோ, அதுதான் முக்கியமான வேலை" என்றேன். அவன் சரி என்றான். வேறு என்ன சொல்வான், பாவி நான் இடம் கொடுத்தால்தானே. பொறுமை இல்லாதவன் நான். பயந்தாங்கொள்ளிப் பட்டம் அவனுக்கு. இப்படியும் ஒருத்தன் இருப்பானாடா?

30 நவம்பர், புதன்

சேஷாத்ரி கார்ல்ஸ்ரூஹே போய்விட்டான். அங்கே ஆய்வகத்தில் ஆறு மாதம் தீசிஸ் வேலை. முன்பே முடிவானதுதான், என் காரணமாகப் போகவில்லை. ஸ்டேஷனில் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அங்கே குளிர் குறைவாமே என்றேன். ரயில் போய்விட்டது.

11 டிசம்பர், ஞாயிறு

அக்கா பாட்டை அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாராம். தலைப்புக்குக் கீழே என் பெயர். சிவராம் என்று பெரிய எழுத்தில்.

16 ஜனவரி 2006, திங்கள்

நேற்று பொங்கல் விழா. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லக் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டுதான் போனேன். மேடையில் பதினைந்து பிள்ளைகள் காகிதத்தோடு வரிசையாக நின்றார்கள். ஒரு சிறுமி என் பெயரைப் பேனாவால் சுற்றிப் பூப்போட்டு வைத்திருந்தாள். மஃப்ளரைக் கழற்றிவிட்டேன்.

மைக்கில் சொன்னேன்: "தீபாவளிக்கு நீங்க கேட்ட குரல் என்னோடது இல்லை. நான் வாயைத்தான் அசைச்சேன்."

சபை சிரித்தது. காமெடி பேண்டுக்காரன் வந்துவிட்டான் என்று தயாராக இருந்திருக்கிறார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். செல்வரட்ணம் அண்ணை எழுந்து நின்றே கைதட்டினார். ஊருக்கு முன்னால் உண்மையைச் சொல்கிறேன், ஒருவர்கூட நம்பவில்லை.

வேறு வழி தெரியவில்லை. பாடினேன். என் சொந்தக் குரலில், துணைக்கு ஒன்றும் இல்லாமல். முதல் வரிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாவது வரிக்குக் குறைந்தது. சரணம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை, யாரோ இருமினார்கள். பிள்ளைகள் எங்கே திருப்பிப் பாடுவது என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தார்கள். கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டுத்தான் இறங்கினேன். காது எரிந்தது.

அக்கா பின்னாலேயே வந்தார். "அப்ப, பாடினது ஆர் தம்பி?" சொன்னேன். "அவரை ஏன் மேடையில ஏத்தேல்லை?"

பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. "பேசும்போது திக்குவான் அக்கா. நாங்கதான் வேண்டாம்னு சொன்னோம். நான்தான்."

அக்கா அவன் நம்பரைக் கேட்டார், கொடுத்தேன்.

22 ஜனவரி, ஞாயிறு

சேஷாத்ரிக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். குரலை எடுத்துக்கொண்டதற்கு, பெயரைப் போட்டுக்கொண்டதற்கு, சரணத்தைக் கெடுத்ததற்கு என்று வரிசையாக மன்னிப்புக் கேட்டேன். இடையிடையே அவன் ஏதோ தொடங்கினான், நான் பேசிக்கொண்டே போனேன். எனக்கே உறைத்தது, நிறுத்தினேன்.

ரொம்ப நேரம் ஆயிற்று அவனுக்கு. "கு... குரல் போனாப் போகுதுடா. நான் பயந்தேன்னு சொன்னே பாரு. அ... அது எனக்கு இன்னும் ஆறல."

சரி, மறந்துவிடு என்று அவன் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

5 மார்ச், ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு விழாவில் பாட அக்கா கூப்பிட, அவன் சரி என்றிருக்கிறான். என்னிடம் சொன்னது பிரதாப்.

23 ஏப்ரல், ஞாயிறு

நேற்று புத்தாண்டு விழா. சேஷாத்ரி காலை ரயிலில் வந்தான், கிட்டாரோடு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். மேடையில் நான் வேண்டுமானால் உன்னை அறிமுகம் செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

நான் நாலாவது வரிசையில் இருந்தேன். மைக் முன்னால் நின்று, "வணக்கம்" என்றான், தடையில்லாமல் வந்தது. "என் பேரு" என்றான். அதற்கு மேல் வரவில்லை. தாடை இறுகியது, கண்ணை மூடினான். அவன் பெயர் என் வாய்க்குள் வந்து நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். இனிச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகள் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வரட்ணம் அண்ணை கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கும் அவசரம் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

சொன்னான். பிறகு பாடினான், பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள், இரண்டாம் சரணத்தைச் சபை முழுவதும் கேட்டது.

இரண்டு வருடம் அவனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அவன் தன் பெயரைத் தானே சொல்லி முடித்து நான் கேட்டது நேற்றுதான்.