அணைக்காத கம்ப்யூட்டர்

பள்ளங்கி,
சனிக்கிழமை.

அன்புள்ள நஜ்லாவுக்கு,

தேவசேனா எழுதுகிறேன். உன் வீட்டுக்காரரும் குழந்தையும் நலம்தானே? துபாயில் வெயில் கொளுத்துகிறது என்று உன் அம்மா சொன்னார்கள். இங்கே மழை விட்டபாடில்லை. பூண்டு பிடுங்க முடியாமல் அப்பா வானத்தையே திட்டிக்கொண்டிருக்கிறார்.

போனில் கூப்பிட இரண்டு முறை உன் பெயர் வரை போய்த் திரும்பிவிட்டேன். எனக்குத்தான் பேச்சு வராதே. அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது உன் அண்ணன் வாங்கி வந்தாரே, டிவியில் மாட்டி ஓட்டுகிற நாற்பது வருடத்துக் கம்ப்யூட்டர், அது இப்போது ஓடுகிறது. அவர் பாதியில் விட்டதை நான் முடித்தேன். வத்தலக்குண்டு ரோட்டில் வண்டி விழுந்து அவர் போன பிறகு, அதை வைத்திருந்த அலமாரியை யாரும் திறக்கவில்லை. ஈரம் ஏறாமலிருக்க உள்ளே அவர் எரியவிட்டிருந்த குண்டு பல்பும் எப்போதோ அணைந்துவிட்டது. எல்லாம் பூஞ்சை. தினமும் வேலை விட்டதும் உங்கள் வீட்டுக்குப் போய், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்தேன். உப்பிப்போன கண்டன்சர்களை மாற்றி ஈயம் வைத்தேன். "பஸ் போயிரும் புள்ள, உனக்கு இதுல அப்படி என்ன சோலி?" என்று உன் அம்மா கேட்டார்கள். எலெக்ட்ரானிக்ஸ் படித்தது மறந்துவிடுமே என்று சொல்லிவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை திரை நீலமாக வந்தது. உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணனின் லைசென்ஸை எடுத்து வந்து, அதிலிருக்கும் இங்கிலீஷ் எழுத்தையும் பட்டனையும் மாறி மாறிப் பார்த்து, ஒற்றை விரலால் அவர் பேரை அடித்துவிட்டார்கள். ஐந்து எழுத்து. பள்ளிக்கூடமே போகாதவர்கள், நஜ்லா.

அன்றிலிருந்து அதை அணைக்க விடுவதில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தானாக எதுவும் நினைவிருக்காது. கரண்ட் போனால் அடித்ததும் போய்விடும். திரும்ப அடித்தால் வருமே அம்மா என்றேன். "ஒரு தடவ போனது போதும். இது இப்படியே கெடக்கட்டும்" என்றார்கள். உன் அத்தா, கடை இன்வெர்ட்டரையே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். "என் வீட்டு டிவில நியூசும் இல்ல, கிரிக்கெட்டும் இல்ல, எம்மவன் பேரு மட்டும்தான் ஓடுது" என்று சிரித்தார்.

அடித்ததைச் சேமித்து வைக்க, மெமரி கார்டு போடுகிற சின்ன போர்டு ஒன்றை உன் அண்ணனே வரவழைத்து வைத்திருக்கிறார். அதைப் பொருத்தி மறுபடி ஒருமுறை அடித்துவிட்டால் அந்தப் பேர் அழியாது. ஆனால் பொருத்த வேண்டுமென்றால் முதலில் அணைக்க வேண்டும். அதற்குத்தான் அம்மா சம்மதிக்கவில்லை.

அடாப்டர் பழசு. தொட முடியாமல் கொதிக்கிறது. உன் அம்மா காலண்டர் அட்டையால் அதற்கு விசிறிக்கொண்டே இருக்கிறார்கள். நேற்று கருகின வாடை வந்தது. அது வெடித்தால் உள்ளே இருக்கும் சிப்புகளும் போய்விடும். அவை இப்போது எங்கும் கிடைக்காது. உன் அண்ணன் கை வைத்த பொருள் அதோடு முடிந்துவிடும்.

நீ சொன்னால் கேட்பார்கள். இன்றைக்கே பேசு. போகிற பேர் இல்லை, தங்கப்போகிற பேர் என்று உனக்குத் தெரிந்த மாதிரி சொல்.

ஆனால் என்னை அணைக்கச் சொல்லிவிடாதே. நேற்று அம்மா தொழப் போயிருந்தபோது சுவிட்சில் விரல் வைத்தேன். அழுத்த வரவில்லை. அம்மாவே அணைக்கட்டும். இல்லையென்றால் நீ கிளம்பி வா. போர்டைப் பொருத்துகிற வேலையை எவ்வளவு நேரமானாலும் நான் செய்கிறேன்.

குழந்தை நன்றாக இருக்கட்டும். பேச ஆரம்பித்ததும் மாமா பேரைச் சொல்லிக்கொடு. வாய் நிறையச் சொல்லட்டும். இங்கே நாங்கள் யாரும் சொல்வதில்லை.

என்றும் உன்,
தேவசேனா