பத்திக்கிட்டு வரேன்

இன்று காலை பாலக்கரைக் கடைத்தெருவில் நனைந்த ஆட்டு வாடை அடித்தது. துறையூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்த மந்தை ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் வந்த பெண், முன்னால் போன புருஷனிடம், "நீ போ, நான் பத்திக்கிட்டு வரேன்" என்று குரல் கொடுத்தாள். கோர்ட்டுக்கு நேரமாகியும் என்னால் நகர முடியவில்லை. அந்தச் சொல்லைக் காதால் கேட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

நீயும் துறையூர்ப் பக்கத்துப் பெண்தான்; ஆட்டுக்கிடைக்கு நடுவில் வளர்ந்தவள். நானும் அதே குலம் என்றாலும், அப்பா என்னைப் படிக்க வைத்து, கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தாவாக ஆக்கிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரைச் சந்தில் நாம் குடியிருந்தோம். உன் பேச்சில் ஆட்டை ஓட்டி வருவதும் பத்துவதுதான், சந்துப் பிள்ளைகளைக் கூட்டி வருவதும் பத்துவதுதான். ஒரு நாள் தலைமைக் குமாஸ்தாவின் மனைவி வந்திருந்தபோது, "நீங்க உக்காருங்க, பிள்ளைங்களைப் பத்திக்கிட்டு வந்துடறேன்" என்றாய். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அவர் போனதும் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆடு மாட்டைத்தான் பத்துவாங்க. மனுஷங்களை அழைச்சுக்கிட்டு வரணும். இதுகூடவா தெரியாது?"

"தெரியலைங்க" என்றாய். அப்புறம் நான்கு நாள் அந்த இடத்தில் எந்தச் சொல்லையுமே நீ போடவில்லை. "பிள்ளைங்க வந்துட்டாங்க" என்பாய், அவர்களாகவே வந்துவிட்டதைப் போல.

அது என்னை உறுத்தியது. ஐந்தாம் நாள் நானே கேட்டேன்: "ஓட்டுறதுக்கும் பத்துறதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "ஓட்டுறவன் தான் ஊர் போய்ச் சேர்ந்தாப் போதும்னு நடப்பான். பத்துறவ ஆடு போய்ச் சேரணும்னு நடப்பா. கடைசி ஆட்டுக்குப் பின்னாலதான் அவ வரணும்."

பட்டிக்காட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அதன்பின் உன்னைத் திருத்தவில்லை.

அந்த ஆடியில் காவேரி கரையை மீறியது. பொழுது விடிந்து சிறிது நேரம்தான் இருக்கும். ஆற்றை நோக்கி ஓடும் சந்துச் சாக்கடை, வீட்டை நோக்கித் திரும்பி ஓடுவதை முதலில் பார்த்தவள் நீதான். "ஏங்க, தண்ணி ஏறி வருது. பாப்பாவைத் தூக்குங்க" என்றாய். நம் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் குழந்தையைத் தோளில் போடுவதற்குள் நீ வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாய். பாத்திரம் பண்டம் கட்ட உட்கார்ந்தவர்களைக் கையைப் பிடித்து எழுப்பினாய்.

"எல்லாரும் மொட்டைக் கோபுரத்துக்கு நடங்க. நீங்க முன்னால போங்க, நான் பின்னால பத்திக்கிட்டு வரேன்."

அன்று அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நான் முன்னால் நடந்தேன். "சுவரோரமா வாங்க, குழந்தையை இடுப்புல வச்சுக்க, நிக்காதீங்க" என்று உன் குரல் கடைசியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வழியில் ஒருவரும் தவறவில்லை.

கோபுரத்து மேட்டில் ஏறியதும் விரலை நீட்டித் தலைகளை எண்ணினாய். "ஒண்ணு குறையுதே. பூக்காரர் எங்க?" கடைசி வீட்டுப் பூக்காரருக்குக் காது மந்தம். "கதவைத் தட்டினது கேட்டிருக்காது" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் தண்ணீரில் இறங்கினாய்.

நாற்பது ஐம்பது அடி போயிருப்பாய். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இருட்டு பிரிவதற்கு முன்பே அவர் பூக்கூடையோடு கோயிலுக்குப் போனதை நான் பார்த்திருந்தேன்.

மத்தியானம் பூக்காரர் வடக்கு வாசல் பக்கமிருந்து நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் வேட்டிகூட நனையவில்லை. உன்னை மூன்றாம் நாள், திருவானைக்காவலைத் தாண்டி ஒரு வாழைத்தோப்பில் கண்டெடுத்தார்கள்.

"கூப்பிட்டேன், வெள்ளத்து இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை" என்று எல்லோரிடமும் சொன்னேன். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன்.

நான் கூப்பிடவில்லை. வாயைத் திறந்தேன். குரல் உனக்கு எட்டாவிட்டால், குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு உன் பின்னால் நானும் இறங்க வேண்டியிருக்கும். கூப்பிட்டால் எல்லோர் கண்ணும் என் மேல்தான் திரும்பும். தண்ணீர் உன் இடுப்புக்கு வந்துவிட்டிருந்தது. அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் நீ திருப்பத்தில் மறைந்துவிட்டாய்.

மகளுக்கு இருபது வயதாகிறது; கட்டிக்கொடுத்துவிட்டேன். போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். இலை போட்டுவிட்டு மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அன்னிக்கு எங்கப்பா தொண்டை கிழியக் கத்தினாங்களாம், அத்தை. அம்மாவுக்குத்தான் கேக்கலை."

நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமாப்பா?" என்றாள்.

வை என்றேன்.