வர்க்கித் தூளில் கலந்தது

ஃபிட்டரண்ணே,

எதிர் பேக்கரியில் முதல் தட்டு மொறுமொறு வர்க்கி இறங்கிவிட்டது. அந்த வாசனைக்கு ஊரில் எல்லாருக்கும் பசிக்கும், நான் மளிகைக் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்துகிறேன். போதாக்குறைக்கு இன்று கல்லாப்பெட்டி மேல் ஒரு பொட்டலமும் உட்கார்ந்திருக்கிறது. வியாபாரிகள் சங்கத்தில் கடைக்கு ஒன்றாகக் கொடுத்தது. உள்ளே எலி மருந்துக் கட்டிகளும் வர்க்கித் தூளும். ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பஜார் முழுக்க ஒரே நேரத்தில் வைக்கப் போகிறார்களாம்.

வர்க்கித் தூளில் புரட்டி வைப்பது நம் பஜார்க்காரர்களின் கெட்டிக்காரத்தனம். வெறும் கட்டியை எலி மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வர்க்கி என்றால் விடாது. பேக்கரித் தட்டில் மிஞ்சுகிற தூளை இதற்கென்றே வாங்கி வைப்போம். என் அத்தா செய்தார், நானும் செய்தேன். அதே வர்க்கியைத் தினமும் காலையில் டீயில் முக்கி ஒரு நாய்க்கு ஊட்டிக்கொண்டு நீங்கள் என் கடை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறீர்களே என்று எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

"முப்பது வருஷம் ஃபோர்மேன் என்னைய வெரட்டுனானுங்க பாய். இப்ப நான் வான்னா வர்றான், போன்னா போறான்" என்று சொல்லித்தான் அந்தப் பழுப்பு நாய்க்கு ஃபோர்மேன் என்று பேர் வைத்தீர்கள். அரவங்காட்டு வெடிமருந்து ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை முடிந்து ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்கு ஆபீஸே என் கடைதான். அரிசி மூட்டை மேல் நீங்கள், படியில் அவன். நாய் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டுமே என்று நான் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தாண்டுவேன். "பயப்படாதீங்க பாய், உங்க சட்டமெல்லாம் ஃபோர்மேனுக்குத் தெரியும்" என்பீர்கள். உண்மையாகவே அவன் ஒரு நாளும் என்மேல் உரசியதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் எலிகள் துவரம்பருப்பு மூட்டைகளைக் கிழித்துப் போட்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் மூட்டைப் பலகைக்கு அடியில் மருந்தை அள்ளி வைத்தேன். நாலாம் நாள் பட்டப்பகலில் ஒரு எலி கடை நடுவில் வந்து உட்கார்ந்தது. ஆளைப் பார்த்து ஓடவில்லை. மூக்கில் ரத்தம், விலா எலும்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று எனக்குத் திருப்தி. முறத்தில் வாரிச் சாக்கடையில் கொட்டினேன். நாலு நாள் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து சாவது அந்த உயிருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே இல்லை. வைத்த கட்டிகளில் பாதியை எலிகள் வெளியே இழுத்துப் போட்டதையும் கவனிக்கவில்லை. வர்க்கி வாசனைக்கு ஃபோர்மேன் எங்கிருந்தாலும் வருவான்.

இரண்டு நாள் கழித்து அவன் டீக்கு எழுந்து வரவில்லை. நீங்கள் வாயைப் பிரித்துப் பார்த்தீர்கள். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மூக்கில் ரத்தம். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது அண்ணே. ஆட்டோவில் உங்கள் மடியில் தலை, என் மடியில் பின்னங்கால்கள். வேட்டியைப் பற்றி அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "பக்கத்துல யாராவது எலி மருந்து வச்சாங்களா? அப்படின்னா அதுக்குத் தனி ஊசி இருக்கு. உண்ணிக் காய்ச்சல்லயும் இப்படி ரத்தம் வரும். தெரிஞ்சாச் சொல்லுங்க."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "ஏனுங்க பாய், நம்ம பக்கம் யாராச்சும் வெச்சாங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

சொன்னால் என் வாசலுக்கு இனி வரமாட்டீர்கள் என்ற பயம். அவ்வளவுதான் காரணம். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் சாயங்காலம் ஃபோர்மேன் உங்கள் வீட்டு வாசலில் செத்துப்போனான்.

ஒரு வாரம் கழித்து, நான் கூப்பிடாமலே, தகரமும் சுத்தியலுமாக வந்தீர்கள். "எலி வர்ற வழிய அடைச்சிட்டா மருந்தே வேண்டாமுங்க" என்று கதவுக்கு அடியிலும் சுவர் ஓரத்திலும் தகரம் வைத்து அடித்தீர்கள். பின்பக்கம் அடிப்பதற்காகப் பலகையைத் தூக்கினீர்கள். கீழே மிச்சக் கட்டிகள், வர்க்கித் தூளோடு. காகிதத்தில் கூட்டி அள்ளி, ஒரு கவர் கேட்டு வாங்கிக் கட்டினீர்கள். "குப்பையில போட்டராதீங்க பாய். நாய் கெளறும்" என்றீர்கள். பிறகு சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீங்களே, "ஒரு டீ சொல்லுங்க" என்றீர்கள்.

அதன் பிறகும் தினமும் வந்தீர்கள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. வர்க்கி மட்டும் வாங்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போன ஐப்பசியில் உங்களைப் பாடையில் தூக்கிப் போகும்போது ஒரு பக்கம் நானும் தோள் கொடுத்தேன். அப்போதும் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

நேற்று சங்கச் செயலாளர் பொட்டலத்தோடு வந்தார். வேண்டாம் என்றேன். "நீங்க ஒருத்தர் வெக்கலீன்னா எலி பூரா உங்க கடைக்கு வரும். அப்பறம் அங்கிருந்து எங்களுக்கு வருமுங்க பாய்" என்றார். அதுவும் நியாயம்தான். நீங்கள் அடித்த தகரம் மழையில் அரித்துவிட்டது, இரண்டு விரல் நுழையும் சந்து இருக்கிறது. வைக்காமல் இருக்க ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே காரணம்.

"ஃபோர்மேன் செத்தது நான் வெச்ச மருந்துலங்க. டாக்டர் கேட்டப்ப இல்லேன்னுட்டேன்."

பக்கத்து டீக்கடை அக்கா ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். செயலாளர் செருமினார். "அதெல்லாம் முடிஞ்ச கதைங்க பாய். அக்கா, உங்க நாய்க்குட்டியக் கொஞ்சம் கட்டிப் போடுங்க" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன், பொட்டலம் ஒரு அங்குலம் நகரவில்லை.

அக்கா ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறார். அதுவும் பழுப்பு. நேற்றிலிருந்து பெஞ்சுக் காலில் கட்டிக் கிடக்கிறது. வர்க்கி வாசனைக்கு இழுக்கும், கயிறு நிறுத்தும், அழும். எத்தனை நாள் கட்டி வைப்பார்? இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் கேட்டு உங்கள் சுத்தியலை வாங்கி வந்திருக்கிறேன். புதுத் தகரமும் வந்துவிட்டது. இரண்டு ஆணி அடிப்பதற்குள் கட்டைவிரல் வீங்கிவிட்டது, பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். என் கடையை எப்படியும் அடைத்துவிடுவேன். பஜாரை அடைக்க எனக்குக் கை இல்லை.

அன்றைக்கு இதே சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தீர்களே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். வைத்தேன் அண்ணே. என் கையால் வைத்தேன். நீங்கள் கேட்டபோது ஊசி போட நேரம் இருந்தது.