வசம்பு அல்ல, இறீஸ்

2006 மே 28, ஞாயிறு

மழை விட்டது. எழுத்தெல்லாம் கோணல், பொறுக்க வேண்டும். எழுபது தாண்டிப் பிடித்த பேனா, 'ழ' இன்னும் கைக்கு வசப்படவில்லை. ஆனால் இன்று ஏச வேண்டும். வாயால் ஏசினால் மகள் வசந்தி, "அப்பா, பிள்ளை எழும்பப்போகுது" என்பாள். தாளில் ஏசலாம். என்ன சுகம்!

விஷயம் இது. பக்கத்து வீட்டு மதாம் லூசி, தன் தாயார் வளர்த்த இறீஸ் செடியை எங்கள் வேலியோரம் நட்டுத் தந்தார். வெளிர் மஞ்சள் பூ, இதழில் தாடி. ஜூலை முதலாம் தேதி அவர் முதியோர் இல்லம் போகிறார். அதற்குமுன் ஒருமுறை பூவைப் பார்க்க வேண்டுமாம். வேறொன்றும் கேட்கவில்லை.

இன்று என் மனைவியின் தங்கை, பூமணி மச்சாள், கத்தியோடு போய்க் கிண்டிவிட்டாள்.

"அத்தான், வளவுக்கை வசம்பு நிக்குது, ஒருத்தரும் சொல்லேல்லையே! பேரனுக்குச் சுட்டு உரைச்சுக் குடுப்பம்."

அடுப்பில் கிழங்கு கருகிக்கொண்டிருந்தது. பறித்து எறிந்தேன். நல்லகாலம், பிள்ளையின் நாக்கில் படவில்லை.

"அது பூமரம், மச்சாள்! நஞ்சு!"

"இலை வசம்பு மாதிரித்தானே. பேரை எழுதி நட்டு வைக்கிறதுக்கென்ன? இப்பதான் எழுதப் பழகியிட்டியளே."

மூதேவி. பிழையில்லாமல் வந்துவிட்டது. இன்னொரு தரம்: மூதேவி.

மே 30

கிண்டியதைத் திரும்ப நட்டேன். கிழங்கின் முதுகு வெயில் காய வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். மத்தியானம் பார்த்தால் மச்சாள் மண் போட்டு மூடியிருக்கிறாள். "குளிருமெல்லோ, அத்தான்." பல்லைக் கடித்ததில் கட்டுப்பல் நோகிறது. மொட்டோடு தப்பியது ஒன்றே ஒன்று.

நாளைக்கு வாங்க: பால், பாண், பஸ் டிக்கெட்.

மதாமுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

வெயில். பூத்துவிட்டது! வெண்ணெய் நிறம். மதாமைக் கூட்டி வந்தேன். நடந்ததை வசந்தி பிரெஞ்சில் சொன்னாள். மதாம் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சாள் குனிந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன். டக்கென்று பூவை முறித்து மதாமின் நரைத்த தலையில் செருகிவிட்டாள்!

"பூவை ஆரும் பாத்துக்கொண்டு நிப்பினமே? வைக்கிறதெல்லோ!"

கத்தினேன். மதாம் கையால் தடவிப் பார்த்தார். வசந்தியிடம் கண்ணாடி கேட்டார். போகும்போதும் கழற்றவில்லை, தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு போனார்.

இருந்ததே ஒரு பூ! இன்னும் கொதிக்கிறது. கை உளைகிறது. மிச்ச ஏச்சு அடுத்த கிழமை.