பெரியத்தானின் ஜீப்பும் என் பெட்டியும்

யூலை 6, திங்கள்

சோளகக் காற்று. முற்றம் முழுக்கப் புழுதி. கூட்டக் கூட்ட வருகிறது.

கடைப் பெட்டி வந்துவிட்டது. கிளிநொச்சி வெல்டிங் கடையிலிருந்து லொறியில் கொண்டுவந்து வாசல் படலையடியில் இறக்கினார்கள். இரண்டு சில்லு, தகரச் சுவர், தூக்கித் திறக்கிற கதவு, உள்ளே காஸ் அடுப்புக்கு மேடை. மஞ்சள் பூச்சு. விற்ற என் காப்பு இரண்டும் இதற்குள்தான் போயிருக்கின்றன. போகட்டும். வீட்டுக் குசினியில் இடியப்பம் அவித்து அடுத்தவன் கடைக்குக் கொடுத்தது போதும். இனி இரணைமடுச் சந்தியில் என் சொந்தக் கடை.

தர்மபுரத்திலிருந்து அங்கே இழுத்துப் போக வாகனம் வேண்டும். என் மனிசனுடைய தமையன், பெரியத்தான், கனடாவில். ஊருக்கு வரும் நாட்களுக்கென்று வாங்கிய ஜீப் எங்கள் வளவில்தான் நிற்கிறது. பற்றரி இறங்காமல் இருக்க இவர் இடைக்கிடை பரந்தன் வரை ஓடிவிட்டு வருவார்.

"அண்ணையிட்டைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"கேட்டனான். ஓமெண்டவர்."

பெரியத்தானுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு.

யூலை 8, புதன்

பெட்டி இழுக்கக் கொழுக்கி பூட்ட ரபீக் நானாவின் கராச். இரும்பில் கை வைக்க முடியாத வெயில். நானா ஜீப்புக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"பம்பரைக் கொஞ்சம் வெட்ட வேணும் தங்கச்சி. அடிச் சட்டத்திலையும் ஓட்டை போடவேணும். பிறகு மூடினாலும் அடையாளம் தெரியும். வாகனம் ஆருடையது?"

இவர் முந்திக்கொண்டார். "அண்ணையின்ரை. அவருக்குத் தெரியும். நீங்கள் போடுங்கோ நானா."

நானா என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

பூட்டி முடிய மத்தியானம் கடந்துவிட்டது. குறுக்கே தடித்த இரும்பு, நடுவில் வெளியே நீட்டிய கொழுக்கி, நுனியில் உருண்டை. பெட்டியின் மூக்கிலுள்ள கிண்ணம் அந்த உருண்டையைக் கவ்வும். கழன்றால் தாங்க இரண்டு சங்கிலி. பின் லைற்றுக்கு வயர். இவர் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். "யானையையும் இழுக்கலாம்!" கன நாளைக்குப் பிறகு இவர் இப்படிச் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

வாங்க வேண்டியவை: இடியப்பத் தட்டு, மூடியுள்ள வாளி, பெரிய கேத்தில்.

யூலை 10, வெள்ளி

ஓட்டிப் பார்க்கப் போனோம். பாரம் முன்பக்கம் இருக்க வேண்டும் என்று நானா படித்துப் படித்துச் சொன்னவர். நானும் சொன்னேன். இவர் தண்ணீர்ப் பீப்பாயைப் பின்னுக்கே ஏற்றினார். பரந்தன் ரோட்டில் வேகம் எடுத்ததும் பெட்டி பாம்பு மாதிரி ஆடத் தொடங்கியது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துக் கத்தினான். இவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார். "நீதானே கண்டபாட்டுக்குச் சாமான் ஏத்தினது!"

இறங்கி, பீப்பாயை நானே முன்னுக்கு உருட்டினேன். திரும்பி வரும்போது ஆட்டம் இல்லை. இவர் சொல்கிறார், தான் ஓடின ஓட்டம் அப்படியாம்.

யூலை 11, சனி

முதல் நாள். இடியப்பம், சொதி, சம்பல், உளுந்து வடை. இரணைமடுக் குளம் பார்க்க வந்த சனம், மீன் ஏற்ற வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள். பத்தரைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. காசை இரண்டு தரம் எண்ணினேன். களைப்பில்லை, சந்தோசம்.

இவர் வெள்ளைச் சேட்டுடன் ஜீப்பில் சாய்ந்து நின்று வருகிறவர்களுக்கெல்லாம் "எங்கடை கடைதான், எங்கடை கடைதான்." ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தரவில்லை. பரவாயில்லை என்றே இருந்தேன். ஆரோ படம் எடுத்தார்கள். பெட்டி, ஜீப், இவர். நான் அடுப்படியில், முதுகு மட்டும்.

யூலை 14, செவ்வாய்

அந்தப் படம் கனடாவுக்குப் போய்விட்டது. பின்னேரம் பெரியத்தானின் அழைப்பு. நான் குசினியில், இவர் கிணற்றடியில். இவருடைய குரல் மட்டும் கேட்டது.

"நான் வேண்டாமெண்டுதான் அண்ணை சொன்னனான். கலா கேக்கேல்லை. தன்ரை பாட்டிலை கொண்டுபோய்ப் பூட்டிப்போட்டாள். ஓமோம். நான் என்ன செய்ய?"

கையில் தேங்காய்ப்பூ. பாலைப் பிழிந்து முடித்தேன்.

உள்ளே வந்ததும் கேட்டேன். "நீங்கள் அவரிட்டைக் கேக்கவே இல்லையோ?"

"அதை விடு. மனிசன் கொதிச்சுப்போய் நிக்கிறார். இருவத்தைஞ்சாந் திகதி வாறாராம். வரமுதல் கழட்டட்டாம்."

"ஏன் என்ரை தலையிலை போட்டனீங்கள்?"

"உன்னோடை அவர் என்ன கொழுவவே போறார்? பொம்பிளைதானே எண்டு விட்டிடுவார்."

இவ்வளவு வருடத்தில் என்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. நல்ல மனிசன் என்றுதான் ஊரில் பெயர்.

யூலை 15, புதன்

கழற்றினோம். நானாவிடம் போக வெட்கமாம், வளவிலேயே. இவர் கீழே படுத்துக்கொள்ள நான் நட் கழற்றும் சாவிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். ஓட்டைகளுக்குப் பசை பூசி, மேலே கறுப்புப் பூச்சு. பம்பர் வெட்டை மறைக்க முடியவில்லை. "இதையும் நீ வெட்டச் சொன்னதெண்டு சொல்லுவம்" என்று சிரித்தார். பகிடியாம்.

சாப்பாடு போட்டுக் கொடுத்தேன்.

யூலை 17, வெள்ளி

பெட்டி வேலியோரம். கோழிகள் நிழலுக்குக் கீழே படுக்கின்றன. பழைய கடைக்காரரிடம் திரும்பப் போனேன். "என்ன முதலாளியம்மா, திரும்பி வந்திட்டியள்?" கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இடியப்பத்தை வைத்துவிட்டு வந்தேன். வழியில் அழுதேன். தூசி என்று நினைத்திருப்பார்கள்.

யூலை 18, சனி

முருகையா அண்ணன் தானாகவே வந்து படலையில் நின்றார். மலையகத் தோட்டப்பக்கத்திலிருந்து வந்து இங்கே காணி வெட்டிக் குடியேறிய குடும்பம். சிறுபோக வயலுக்கு நாளும் இரணைமடுப் பக்கம் ட்ரக்டரில் போகிறவர்.

"நான் போற வழிதானேம்மா. காலைல பெட்டியைக் கொண்டு போய் விட்டுட்டு, திரும்பி வர்றப்ப இழுத்துட்டு வந்துர்றேன். ஆனா இந்தக் கிண்ணம் ட்ரக்டருக்குச் சரிவராது. வெட்டிட்டு வளையம்தான் ஒட்டணும். அப்புறம் ஜீப்ல மாட்ட முடியாது. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

"என்ரை பெட்டி அண்ணை. வெட்டுவம்."

வெல்டிங் கடையில் தீப்பொறி பறக்க அந்த மூக்கு அறுந்து விழுந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். இவருக்குச் சொல்லவில்லை. இவரும் பெட்டிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

யூலை 21, செவ்வாய்

ட்ரக்டர் ஆமை வேகம். வெளிக்கிடும்போது இருட்டு, போய்ச் சேர நல்ல வெயில். உடம்பெல்லாம் குலுங்கி நோகிறது. சொதி கொஞ்சம் சிந்தியது. ஆனாலும் விற்றது.

இவர் வீட்டில் ஜீப்பைக் கழுவுகிறார். தினமும்.

யூலை 25, சனி

கடை போடவில்லை. பெரியத்தான் வந்தார். நரைத்துவிட்டார். பயந்துகொண்டே தேத்தண்ணி கொண்டுபோனேன். அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுதானோ பிள்ளை? வடிவாக் கிடக்கு. ஏன் ஜீப்பிலை கொழுவேல்லை?"

"நீங்கள் கோவத்திலை கழட்டச் சொன்னனீங்களாம்..."

"நானோ? பின்னாலை என்னடா கிடக்கெண்டு கேட்டனான், அவ்வளவுதான். உடனை இவன் தொடங்கிட்டான், கலா கேக்கேல்லை எண்டு. கேக்காமல் பூட்டினதிலை எனக்கு எரிச்சல்தான், ஏன் பொய் சொல்லுவான். ஆனால் கழட்டெண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. சும்மா நிக்கிற வாகனம்தானே."

இவர் மாட்டுக் கொட்டில் பக்கம் போய்விட்டார். நான் தேத்தண்ணித் தட்டைப் பெரியத்தானிடம் நீட்டினேன்.

இவருக்கு அண்ணரில் பயம் என்றாலும் விளங்கியிருக்கும். அதுகூட இல்லை. ஆரும் அதட்டமுதலே என்னைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

பொழுதுபட இவர் அந்தக் கொழுக்கியைத் தூசி தட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அண்ணைக்கு ஒண்டுமில்லையாம் கலா. திங்கள் நானாவிட்டைப் போய்ப் பூட்டுவம். நானே உன்னை ஏத்திக்கொண்டு போறன்."

"பெட்டியைப் போய்ப் பாருங்கோ."

போனார். குனிந்து வளையத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அங்கிருந்தே கேட்டார்: "திரும்ப மாத்தலாம்தானே?"

"மாத்தலாம்" என்றேன். "நான் மாத்தமாட்டன்."

விடிய முருகையா அண்ணன் வருவார். உளுந்து இன்னும் ஊறப் போடவில்லை.