ஒரு சொக்ஸ் மணல்

ஜனவரி 20, செவ்வாய்

எங்கள் ஊர் நாரந்தனைக்குப் பொறுப்பான மருத்துவமாது மேரிஜோசப்பின் மிஸ் இன்று பாடசாலைக்கு வந்தார். பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளை மட்டும் இருத்தி, மாதவிடாய் வலிக்கு மாத்திரை, குளிசை இல்லாமல் என்ன செய்யலாம் என்று சொல்லித்தந்தார். அடிவயிற்றில் சூட்டு ஒத்தடம். முழங்காலை நெஞ்சோடு அணைத்து மெதுவாக மூச்சு விடுதல். நடத்தல். எல்லாரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். போன தவணைக் கணிதப் பரீட்சையில் பாதியில் எழும்பி ஓடித் தின்றதெல்லாம் சத்தி எடுத்தது அவர்களா? நான்.

கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். ஓஎல் பொதுப் பரீட்சையில் கணிதம் பெப்ரவரி 20. அடுத்த மாதம் எனக்கு வரப்போவதும் அதே நாள்! வேறு நாள் கிடைக்கவில்லையா?

ஜனவரி 23, வெள்ளி

வந்துவிட்டது. வழக்கம்போல மூலை அறை, பாய், தனிச் சாப்பாட்டுக் கோப்பை. நாலு நாளைக்குக் குசினிப் படி மிதிக்கக் கூடாது. ஒத்தடத்துக்குச் சுடுதண்ணீர் எங்கே இருக்கிறது? குசினியில். குளிசை கேட்டால், "பிறகு பிள்ளைகுட்டி பிறக்காது." சொன்னவர் திருமதி சறோஜினிதேவி. என் அம்மா.

ஜனவரி 24, சனி

அம்மா கிணற்றடியில் நின்றபோது உள்ளே போய்க் கேத்தல் தண்ணீரைப் போத்தலில் ஊற்றினேன். பிடிபட்டேன்.

"எடியே, சாமிப் படம் இருக்கிற இடமடி! நாலு நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டிருக்க ஏலாதோ? நாங்கள் இருக்கேல்லையோ?"

சமைத்த சோறு, கறி எல்லாம் கோழிக்கு. குசினி முழுக்க மஞ்சள் தண்ணீர். அப்பாவும் பட்டினி. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரிலும் எனக்குக் கோபம்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

அப்பாவின் பழைய சொக்ஸில் முற்றத்து மணலை நிரப்பி முடிச்சுப் போட்டுக் கோழிக்கூட்டுத் தகரத்தில் வைத்தேன். மத்தியானம் நல்ல சூடு. வயிற்றில் வைத்துப் படுத்தேன். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் எழும்பி இருந்து கணக்குச் செய்ய முடிந்தது.

"விசரி," என்றார் அம்மா. வெயில் உங்கட குசினிக்குள்ள இல்லையே அம்மா!

பெப்ரவரி 8

தினமும் பின்னேரம் முழங்கால் பயிற்சி. "சோதினைக்குப் படிக்காமல் குரங்கு மாதிரி உருளுறாள்," என்கிறார் அம்மா. இரண்டு கிழமையாக அவரோடு கதையே இல்லை.

பெப்ரவரி 19, வியாழன்

பின்னேரமே தொடங்கிவிட்டது. பரீட்சை காலை எட்டரைக்கு – அதற்குமுன் வெயில் எங்கே? விடிய மணல் பனியில் குளிர்ந்து கிடக்கும். இதை ஏன் முதலே யோசிக்கவில்லை? மடைச்சி. அம்மாவிடம் கேட்கவா? செத்தாலும் கேட்கமாட்டன்.

பெப்ரவரி 20, வெள்ளி

கடைசிக் கேள்வி வரை எழுதினேன்!

விடியக் கதவைத் திறந்தால் வாசலில் சொக்ஸ். தொட முடியாத சூடு. பக்கத்தில் ஒரு துவாய். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"சுட்டுப்போடும். துவாயைச் சுத்து," என்று விளக்குமாற்றுக்குச் சொன்னார். துவாயைச் சுற்றி வயிற்றில் வைத்துக்கொண்டேன்.

பெப்ரவரி 24, செவ்வாய்

தலைமுழுகிவிட்டுக் குசினியில் எல்லாரோடும் இருந்து சாப்பிட்டேன். கத்தரிக்காய்ப் பொரியலில் மணல் கடிபட்டது.

"என்னப்பா, தாச்சி கழுவேல்லையோ?" என்றார் அப்பா.

"நாலு தரம் கழுவினனான்," என்றார் அம்மா. என்னைப் பார்க்கவில்லை.

என் வயிற்றில் கிடந்த மணல். வெள்ளிக்கிழமை. அம்மா தன்னுடைய பொரிக்கிற தாச்சியில் வறுத்தது.

துப்பவில்லை. விழுங்கிவிட்டுக் கோப்பையை நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ அம்மா."